சிட்டு என்பவர் எங்கிருந்தாலும்

மதியச் சாப்பாடு முடியும்வரை மடத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருத்தி புனிதர் வரலாறு வாசிப்பாள், மற்றவர்கள் மெல்லுவார்கள். மதர் மணியடித்த பிறகுதான் பேச்சு. அன்றைக்கு மணியடித்ததும் வாசல் சிஸ்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மடத்துக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளை.

"இன்னைக்கு ஒரு ஆளு வந்து, இங்க சிட்டு இருக்கான்னு கேக்குறாரு மதர்! சிட்டும் இல்ல, புறாவும் இல்ல, இங்க எல்லாம் சிஸ்டர்தான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

மேசை முழுக்கச் சிரிப்பு. கடைசி நாற்காலியில் இருந்த வெளுப்பு சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. மடத்து ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளை இருபத்தாறு வருடமாக வெந்நீர் அண்டாவில் போட்டுப் புரட்டுகிறவள். துறவற வார்த்தைப்பாடு கொடுத்தபோது மடம் வைத்த பெயரைக்கூட யாரும் சொல்வதில்லை. வெளுப்பு என்றால் போதும், எல்லாருக்கும் தெரியும்.

"ஆளு எப்படி இருந்தாரு?" என்று கேட்டாள் வெளுப்பு.

"கல்லு உடைக்கிறவரு போல. தலையெல்லாம் தூசி. ஒரு கட்டைவிரல்ல நகமே இல்ல. வேற ஒரு பேரும் சொன்னாரு. அதுவும் நம்ம பட்டியல்ல இல்ல."

சிட்டு அவள்தான். பட்டியலில் இல்லாத அந்தப் பேரும் அவளுடைய பழைய பேர்தான்.

அவள் வீட்டார் குவாரிக் கூட்டம். பாறை எங்கேயோ அடுப்பு அங்கே. "மடத்துக்குப் போறவ எனக்கு மகளே இல்ல" என்று அப்பன் ஒரே போடாகப் போட்டான். அவள் எழுதிய கடிதங்கள் ஆளில்லை என்று முத்திரை குத்தித் திரும்பின. பிறகு எழுத விலாசமே இல்லை. கிளம்பிய அன்று தம்பிக்கு ஐந்து வயது. அக்கான்னு கூப்பிடுடா என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாலும் சிட்டு, சிட்டு என்றே கூப்பிட்டவன். எப்படியோ விசாரித்து வாசல் வரைக்கும் வந்திருக்கிறான். இன்றைக்கு விட்டால் எந்தப் பாறையில் போய்த் தேடுவது?

"எங்க போனாரு?"

"ரெண்டு மணி பஸ்ஸுன்னாரு. ஏன் சிஸ்டர்?"

ஒன்றே முக்கால் ஆகியிருந்தது.

"மதர், நான் வெளிய போறேன்" என்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. மதர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் நாலு திசைக்கு நாலு வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அவள் மூச்சிரைக்க முதல் வண்டியில் ஏறி, "தம்பி!" என்றாள். ஏழெட்டுப் பேர் திரும்பினார்கள்.

"சொல்லுங்க சிஸ்டர்."

"இப்படி உக்காருங்க சிஸ்டர்."

முகத்தை வைத்து அடையாளம் காண வழியில்லை. ஐந்து வயதுப் பல்லும் மூக்குச்சளியும்தான் மனசில் இருந்தது. நகமில்லாத கட்டைவிரலைத் தேடி, ஒவ்வொருத்தர் கையாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"என்ன சிஸ்டர், கைரேகை பாக்குறீங்களா? எனக்குக் கல்யாணம் எப்பன்னு சொல்லுங்க" என்றான் ஒருத்தன். வண்டியே சிரித்தது.

இறங்கினாள். அவன் அவளைக் கூப்பிட்டது ஒரே சொல்லால்தான். வெட்கத்தை விட்டு, வண்டிகளுக்கு நடுவில் நின்று, தன் பெயரைத் தானே கூவினாள். "சிட்டு! சிட்டு!"

ஒரு கண்டக்டர் ஓடி வந்தார். "புள்ளையத் தொலைச்சிட்டீங்களா? அழாதீங்க, மைக்குல சொல்லிடலாம்."

அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

பஸ் நேரம் குறிக்கும் டைம் கீப்பர் அறைக்கு அவளைக் கூட்டிப்போனார். டைம் கீப்பர் பேனாவை எடுத்தார். "காணாமப் போனவங்களுக்கு வயசு?"

"நாப்பத்தஞ்சு."

"புத்தி கொஞ்சம் அப்படி இப்படியா?"

"நல்லாத்தான் இருக்கா."

"என்ன கலர் சேலை?"

"வெள்ளை."

அவர் மைக்கைத் தட்டினார். "சிட்டு என்பவர் எங்கிருந்தாலும் உடனே டைம் கீப்பர் அறைக்கு வரவும். உங்களைத் தேடி சிஸ்டர் காத்திருக்கிறார்."

இருபத்தாறு வருடத்தில் இன்னொருத்தர் அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இப்போதுதான் கேட்கிறாள். அறைக்கு யாரும் வரவில்லை.

"அப்படி இல்ல, மாத்திச் சொல்லுங்க" என்றாள். "சிட்டு இங்கதான் இருக்கான்னு சொல்லுங்க."

"அவங்களத்தானே தேடுறோம்?"

"சொல்லுங்க ஐயா, வண்டி கிளம்பிடும்."

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் சொன்னார். அதற்குள் நாலு வண்டியும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன. அவர் சொன்னதில் பாதி அவளுக்கே கேட்கவில்லை. அவள் வெளியே ஓடி வந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள். எல்லாக் கைகளும் கட்டைவிரல் தெரியாமல் கம்பியைப் பிடித்திருந்தன. ஒரு வண்டியும் நிற்கவில்லை.

தூசி அடங்கியபின் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். துவைக்கும் அறையின் நனைந்த செருப்பு இன்னும் காலில் இருந்தது. டைம் கீப்பர் அவளுக்குத் தண்ணீர் நீட்டினார்.

"அடுத்த பஸ் எப்ப?" என்று கேட்டாள்.

"எந்த ஊருக்கு சிஸ்டர்?"

தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "பாறை உடைக்கிற ஊரு எதுவோ, அதுக்கு" என்றாள்.