நூறு மார்க் அம்மா

"x ஸ்கொயர். இதை டிஃபரென்ஷியேட் பண்ணுப்பா," என்றார் ஆவடியில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர்.

கால்குலஸில் இதைவிடச் சின்னக் கணக்கு கிடையாதாம். ஜெகதீஷ் பேனாவைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். உள்ளே குக்கர் விசிலடித்து ஓய்ந்தது. தாளில் ஒரு கோடுகூட விழவில்லை.

"பன்னெண்டாவதுல இதே பிசினஸ் மேத்ஸ்ல நூத்துக்கு நூறு சார் அவன்," என்றாள் அவன் அம்மா பஞ்சவர்ணம்.

இதை அவள் போன இடத்தில் எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டாள். மண்ணூர்பேட்டை டியூஷன் சென்டரில் சொன்னபோது, காலேஜ் அரியர் எல்லாம் எடுப்பதில்லை என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். ஆன்லைனில் பாடம் எடுக்கும் ஒருவன், அப்படியானால் உங்கள் பையனுக்கு டியூஷன் எதற்கு என்று போனிலேயே சிரித்தான். பேராசிரியர் சிரிக்கவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"நூறு வாங்கினதைப் பொய்னு சொல்லலம்மா. பன்னெண்டாவதுல இன்டெக்ரேஷன் வருது, அதை மனப்பாடமாவே எழுதிடலாம். ஆனா டிஃபரென்ஷியேஷன் பிளஸ் ஒன் பாடம். இவன் பிளஸ் ஒன்னை முழுசாப் படிக்கவே இல்லை. அதைப் பாதியில விட்டுட்டு நேரா பன்னெண்டாவது புக்கை ஓட்டியிருக்காங்க. மேல்மாடி மட்டும் அந்தரத்துல நிக்குது."

"நீங்கதான் சார் பாத்துச் சொல்லித் தரணும்."

"அடியிலேர்ந்து எடுக்க எனக்குத் தெம்பில்லம்மா. நெமிலிச்சேரியில ஒரு பொண்ணு இருக்கா, அவ எடுப்பா. இந்தப் பக்கத்துல இதுக்கு அவளை விட்டா ஆள் கிடையாது. ஜெபான்னு பேரு."

ஜெகதீஷ் நிமிர்ந்து பார்த்தான். "எங்க ஸ்கூல்ல இருந்தாங்களே, அந்த ஜெபா மிஸ்ஸா சார்?"

பல மாதமாக அந்த முகத்தில் விளக்கு எரிந்து அவள் பார்த்ததில்லை. இப்போது எரிந்தது. பஞ்சவர்ணமோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பையனின் நிலைமை இதுதான். பி.காம் படித்து முடித்தான், பிசினஸ் மேத்ஸ் பேப்பர் ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை எழுதி எழுதித் தோற்றுவிட்டு அறைக்குள் முடங்கிக் கிடந்தான். வரும் நவம்பரோடு அவன் படித்த பாடத்திட்டத்துக்குப் பரீட்சை முடிகிறது, இதுதான் கடைசி வாய்ப்பு என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டும் அவன் அப்பா குணசேகரன், தன் கம்பெனி மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி அக்கவுன்ட்ஸில் ஒரு இடம் சொல்லி வைத்திருந்தார். பாஸ் பண்ணினால் அது உண்டு. இல்லாவிட்டால் அதுவும் இல்லை, டிகிரியும் இல்லை. மேனாம்பேட்டில் அவர்கள் குடியிருந்த ஃபிளாட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. பையன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான் என்று பஞ்சவர்ணம் சொல்லி வைத்திருந்தாள்.

ஜெபா மிஸ்ஸின் கதை வேறு. அது கொரோனா வருஷம். பிளஸ் ஒன்னுக்குப் பரீட்சை கிடையாது, எல்லோரும் பாஸ் என்று அரசாங்கம் அறிவித்த மறுவாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. மற்ற ஆசிரியர்கள் எல்லாம் அன்றைக்கே பன்னெண்டாவது புத்தகத்துக்குத் தாவிவிட்டார்கள். இந்த ஜெபா மட்டும் பிளஸ் ஒன் பாடத்தை விடாமல் நடத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்தில் முதலில் எழுந்தவள் பஞ்சவர்ணம்.

"பரீட்சையே இல்லாத பாடத்த நடத்திகினு எங்க பசங்க டைம இன்னாத்துக்கு வீணாக்குறீங்க? இதுக்கா வாயக் கட்டி வயித்தக் கட்டி பீஸ் கட்றோம்?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பஞ்சவர்ணத்தை மட்டும் குறை சொல்லி என்ன. அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேர் மனதிலும் இருந்ததைத்தான் அவள் பேசினாள். ஆனால் வாய் அவளுடையது. மறுநாள் ஜெபா பள்ளிக்கு வரவில்லை. அடுத்த வருஷம் ஜெகதீஷ் நூறு வாங்கினான். பள்ளி வாசலில் ஆளுயர பேனரில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான், குடும்பமே அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. தங்கை கார்த்திகாவையும் அங்கேயே சேர்த்தார்கள். அவள் இப்போது அங்கே பிளஸ் ஒன் காமர்ஸ் படிக்கிறாள்.

அன்று எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தோம், அவளுக்கு எங்கே அடையாளம் தெரியப் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பஞ்சவர்ணம் தனியாக அம்பத்தூரில் ரயில் ஏறி நெமிலிச்சேரியில் இறங்கினாள். ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் மாடி போர்ஷன். பாயில் உட்கார்ந்து பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெபா வெளியே மாடிப்படிக்கு வந்து நின்று, பஞ்சவர்ணம் சொன்னதை எல்லாம் கடைசிவரை கேட்டாள்.

"பேசி முடிச்சிட்டீங்களா? அன்னிக்கு மாஸ்க் போட்டிருந்தீங்க. முகம் தெரியல. ஆனா இந்தக் குரல் எனக்கு மறக்காதும்மா."

பஞ்சவர்ணம் கைகூப்பினாள். "மன்னிச்சிக்கோ மிஸ். தெரியாம பேசிட்டேன். அவன் சரியா சோறுகூட துன்றதில்ல. கதவ சாத்திகினு கீறான். எனக்கு பயமா கீது."

"அவன் நல்ல பையன். சந்தேகம் கேப்பான்," என்றாள் ஜெபா. "இப்ப என் இடத்துல அகல்யானு ஒரு பொண்ணு வந்திருக்கா. எனக்குத் தெரிஞ்ச பொண்ணுதான். இந்த வருஷம் மறுபடி பிளஸ் ஒன்னுக்குப் பப்ளிக் பரீட்சை வேணாம்னு எடுத்துட்டாங்கல்ல? அவளையும் பன்னெண்டாவது நடத்தச் சொல்றாங்க. அவ கேக்காம பிளஸ் ஒன்னே நடத்துறா. சனிக்கிழமை கூட்டத்துல அவளை நிக்க வெச்சுக் கேப்பாங்க. உங்க பொண்ணுக்கும் அவதானே மிஸ்?"

"ஆமா மிஸ்."

"அன்னிக்கு எந்திரிச்ச மாதிரியே சனிக்கிழமை எந்திரிங்க. உங்க பையனுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க. வேற எதுவும் வேணாம், நடந்ததைச் சொன்னா போதும். ஞாயித்துக்கிழமை அவனைக் கூட்டிட்டு வாங்க. நவம்பருக்குள்ள நான் பாஸ் பண்ண வெக்கிறேன்."

இதென்ன பெரிய காரியம் என்றுதான் பஞ்சவர்ணத்துக்குத் தோன்றியது. பெற்ற பிள்ளைக்காகத் தீயில் இறங்கச் சொன்னால்கூட இறங்குவாள். ரயிலில் வரும்போதே பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கினாள். வீட்டில் பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஜெபா மிஸ் என்று பையனிடமும் சொல்லிவிட்டாள். அன்று இரவு அவன் தானாக வந்து தட்டில் சோறு போட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. கார்த்திகா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேடையோரமாக அகல்யா நின்றாள். காலேஜ் முடித்த பெண் மாதிரிகூட இல்லை, அவ்வளவு சின்ன முகம். ஒரு அப்பா எழுந்து, பக்கத்துப் பள்ளியில் பன்னெண்டாவது புத்தகத்தில் பாதியைத் தாண்டிவிட்டார்கள், இங்கே மட்டும் ஏன் பிளஸ் ஒன்னைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று கேட்டார். பின்வரிசை ஆமாம் போட்டது. பஞ்சவர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

எழுந்தவளைத் தாளாளர் அப்பாவு மேடையிலிருந்து பார்த்துவிட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"அடடே, வாங்கம்மா. எல்லாரும் இவங்களைப் பாருங்க. நம்ம ஜெகதீஷோட அம்மா. வாசல்ல பேனர்ல பாத்திருப்பீங்களே, அந்தப் பையன். நூறு மார்க் அம்மா."

கூடமே திரும்பியது. அவள் ஃபிளாட்டுக்காரர்களே நாலைந்து குடும்பம் அங்கே இருந்தது. மைக்கை அவள் கையில் கொண்டுவந்து திணித்தார்கள்.

"பையன் இப்ப என்ன பண்றார்மா?" என்றார் அப்பாவு.

அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. எம்புள்ள ஃபெயில் சார், ஊட்லதான் கீறான் சார். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மூன்றாவது வரிசையில் எதிர் ஃபிளாட்டுக்காரி சிரித்த முகத்தோடு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனில... அக்கவுன்ட்ஸ்ல கீறான் சார்."

"ரொம்ப சந்தோஷம். நீங்களே சொல்லுங்கம்மா, பிளஸ் ஒன் பாடம் நடத்தியா உங்க பையன் நூறு எடுத்தார்?"

பஞ்சவர்ணம் அகல்யாவைப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் இவளைத்தான் பார்த்தாள். விஷயத்தை ஜெபா சொல்லியிருப்பாள் போலிருக்கிறது, ஏனென்றால் அந்தக் கண்ணில் பயமே இல்லை. காத்துக்கொண்டிருந்த கண் அது.

"இல்ல சார்," என்றாள் பஞ்சவர்ணம்.

சொன்னது சத்தியம்தான், ஒரு எழுத்து பொய் கிடையாது. கூடம் கைதட்டியது. அப்பாவு மைக்கை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமையிலிருந்து பிசினஸ் மேத்ஸுக்கு அனுபவமுள்ள வேறு ஆசிரியர் வருவார் என்று அறிவித்தார். அதற்கும் கைதட்டினார்கள். பஞ்சவர்ணம் உட்கார்ந்தாள். அகல்யா பக்கம் அதற்குப் பிறகு அவள் திரும்பவே இல்லை.

"அகல்யா மிஸ் நல்லாதாம்மா நடத்துவாங்க. எனக்கு எல்லாம் புரியுது," என்றாள் கார்த்திகா, ஷேர் ஆட்டோவில் வரும்போது.

"வாய மூடிகினு வா," என்றாள் பஞ்சவர்ணம். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெகதீஷ் முகச்சவரம் செய்து, சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டு, புது நோட்டோடு வாசலில் நின்றான். அவனிடம் எதைச் சொல்வது? காலில் விழுந்தாவது கேட்டுவிடுவோம் என்று கூட்டிக்கொண்டு கிளம்பினாள். ரயிலில் அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஜெபா மிஸ் கணக்கு சொல்லித் தரும்போது எப்படி இடையிடையே சிரிப்பு காட்டுவாள் என்று சொல்லிக்கொண்டே வந்தான். பேச்சே மறந்துபோன பிள்ளை அன்று ஓயாமல் பேசியது.

கதவு திறந்திருந்தது. ஜெபா பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் பாயில், மடியில் புத்தகத்தோடு அகல்யா உட்கார்ந்திருந்தாள். பஞ்சவர்ணம் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"வாடா ஜெகதீஷ், எவ்ளோ வளந்துட்ட. உள்ள வந்து உக்காரு," என்றாள் ஜெபா. அவன் உள்ளே போனதும் வெளியே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நேத்து சாயங்காலமே அவளைக் கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. எனக்குப் பேட்ச் நெறைய இருக்கு. உங்க பையனுக்கு அகல்யா எடுப்பா. தெனமும் எடுப்பா. அவளுக்கு இனிமே நேரம்தான் இருக்கே."

"மிஸ், நான் சொல்லத்தான் எந்திரிச்சேன். சத்தியமா..."

"தெரியும். அவ சொன்னா. பையன்கிட்ட நாங்க எதுவும் சொல்லல, சொல்லவும் மாட்டோம். படிக்க வந்தவன், படிக்கட்டும்." ஜெபா அவளை உள்ளே கூப்பிடவில்லை.

வைதிருந்தால் பரவாயில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு அழுதிருப்பாள். இப்படி ஒன்றுமே கேட்காமல் விட்டதில் பஞ்சவர்ணம் கூசிப்போனாள். மாடிப்படியில் உட்கார்ந்தாள். தேடின டியூஷன் மிஸ் கிடைத்துவிட்டாள், அந்தப் பெண்ணின் வேலையைப் பிடுங்கித்தான் பையனுக்கு ஆள் சேர்த்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. கார்த்திகாவுக்கு நாளை முதல் பன்னெண்டாவது புத்தகம். அவளுக்கு இன்னும் சில வருஷம் கழித்து எந்த வாசலில் போய் நிற்பது?

உள்ளேயிருந்து அகல்யாவின் குரல் கேட்டது. "x ஸ்கொயர். இதை டிஃபரென்ஷியேட் பண்ணுங்க, பாப்போம்."

"தெரியாது மிஸ்."

"பரவாயில்ல. பிளஸ் ஒன்ல இதை யாருமே நடத்தலையா?"

"நடத்துனாங்க மிஸ். ஜெபா மிஸ்தான் ஆரம்பிச்சாங்க. அப்ப புரிஞ்சுகூட வந்துச்சு. திடீர்னு ஒருநாள் அவங்க வரல."

"ஏன் வரலன்னு கேக்கலையா?"

"அம்மாகிட்ட கேட்டேன் மிஸ். கல்யாணம் ஆயி வேற ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க."

பலகையில் ஜெபா எழுதும் சத்தம் நின்றது. பட்டாபிராம் பக்கமிருந்து ஒரு ரயில் வந்து நின்று கிளம்பியது. அது போகிறவரை பஞ்சவர்ணம் தலையை நிமிர்த்தவில்லை. பிறகு நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. அகல்யா முதல் வரியிலிருந்து மெதுவாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.