அரை அகப்பைச் சோறு

ராக்கம்மாவுக்குப் பிள்ளை பிறக்க இன்னும் நாற்பத்தொரு நாள் இருந்தது. தோட்டத்து மருத்துவிச்சி அந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு, அவளுடைய கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். இமையின் உட்புறம் வெட்டிய முள்ளங்கி போல வெளுத்துக் கிடந்தது. சிவனேஸ்வரியும் குனிந்து பார்த்தாள்.

ராக்கம்மா எழுந்து போன பிறகு மருத்துவிச்சி குரலைத் தாழ்த்தினாள்.

"இரத்தமே இல்ல, டீச்சர். பிறக்கிற நேரம் கொஞ்சம் போனாலும் ஆள் நிக்காது. இரத்தம் ஊறக் குளிசை குடுத்தேன். குளிசை மட்டும் சரிவராது. சாப்பிட வேணும். நல்லா சாப்பிட வேணும். அது உங்க வேலைதானே?"

அது சிவனேஸ்வரியின் வேலைதான். வளர்ந்தோர் கல்வித் திட்டத்தில், உணவுப் பழக்கம் பற்றி தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களின் பெண்களோடு பேசுவதற்காக, பெல்மதுளைக்கு அப்பால் இருந்த இந்த ரப்பர் தோட்டத்துக்கு அவளை அனுப்பியிருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெண். விஞ்ஞானப் பட்டதாரி. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் கழுத்து சிவந்துவிடும். பயிற்சியில் அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: படிப்பிக்காதீர்கள், ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள், பேச்சு அவர்களுடையதாக இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதிகம் பேசத் தேவையில்லாத வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டு வந்தவள் அவள்.

பால் வெட்டும் பெண்களுக்கு மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். சிரட்டைகளில் வடிந்த பாலைச் சேர்த்து, வாளிகளை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு, கையில் புளித்த வாடை போகாமலே, வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கு வருவார்கள். தொட்டில் சேலைகளில் குழந்தைகள் தூங்க, கீழே பாய் விரித்து வட்டமாக உட்காருவார்கள்.

அந்த வாரம் சிவனேஸ்வரி கேட்டாள்: "வயித்தில பிள்ளையோட இருக்கிற ஆள் என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது?"

"கெடைக்கிறத சாப்பிடலாம். கெடைக்காதத சாப்பிடக் கூடாது," என்றாள் அங்கம்மா. ஐந்து பெற்றவள், கூட்டத்தில் வாய் கூடியவள். எல்லாரும் சிரித்தார்கள்.

"அப்ப கீரை கிடைக்குதே, அக்கா. வேலியோரமெல்லாம் நிக்குது."

"நாட்டுச் சிங்களச் சனங்க கொலகெந்தன்னு இலைக்கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறாங்க. நம்ம ஆம்பளைக்கு இலையப் போட்டுக் காய்ச்சி வச்சா, நான் என்ன ஆடாடின்னு கேப்பான்."

"ஆடு கூட வருசத்துக்கு ரெண்டு குட்டி தெம்பாப் போடுதுடி. ஒன்னப் பாரு," என்றாள் இன்னொருத்தி. மறுபடி சிரிப்பு.

ராக்கம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு வாசற்பக்கம் பார்த்தாள். அங்கே அவளுடைய மாமியார் கருப்பாயி, நிலைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். வட்டத்துக்குள் ஒரு நாளும் வந்து இருந்ததில்லை. மருமகளை அழைத்துக்கொண்டு வருவாள், வாசலில் இருப்பாள், அழைத்துக்கொண்டு போவாள்.

"நிறைமாசத்துல கொறைச்சுத்தான் திங்கணும்," என்றாள் கருப்பாயி, யாரையும் பார்க்காமல். "புள்ள சின்னதா இருந்தாத்தான் சொகமாப் பொறக்கும். வெளிய வந்த பொறவு வளத்துக்கலாம்."

இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று அசைந்தன.

சிவனேஸ்வரிக்குப் பயிற்சி மறந்துபோயிற்று. தாயின் இரத்தத்தில்தான் பிள்ளை வளர்கிறது என்று தொடங்கி, இரும்புச்சத்து, நஞ்சுக்கொடி என்று சிவந்த கழுத்தோடு கால் மணி நேரம் பேசித் தீர்த்தாள். 

"வெளங்கினதோ?"

"வெளங்குச்சுங்க டீச்சர்," என்று கூட்டமாகச் சொன்னார்கள். காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் துரைக்குச் சொல்லும் அதே குரல். அதற்குப் பிறகு அன்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஒரு பகிடி கூட இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ராக்கம்மாவின் லயத்துக்குப் போனாள். சாப்பாட்டு நேரம் பார்த்தே போனாள். கருப்பாயி முகம் சுளிக்கவில்லை. "வாங்க டீச்சரம்மா, உக்காருங்க," என்று சாக்கை உதறிப் போட்டாள். அந்த ஒற்றையறைக் காம்பராவுக்குப் பின்னால் அவள் வளர்க்கும் ஏழெட்டுக் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அடுப்பில் சோறு இருந்தது, பருப்பு இருந்தது, கருவாட்டுக் குழம்பு மணத்தது. இல்லாத வீடு அல்ல.

மகன் முத்துவீரனுக்குக் கருப்பாயி கோபுரமாகச் சோறு வைத்தாள். சிவனேஸ்வரிக்கும் அப்படியே வைத்து, மேலே அவித்த முட்டை ஒன்றை உரித்து வைத்தாள். ராக்கம்மாவின் சோற்றுக் கோப்பைக்கு வரும்போது அகப்பையைப் பாதி சாய்த்து, பாதிச் சோற்றைப் பானைக்குள்ளேயே தட்டிவிட்டாள். அதன்மேல் சுடுதண்ணீர் ஊற்றினாள். அந்த வீட்டில் மருமகள் தன் கையால் பானையைத் தொடுவதில்லை, ராக்கம்மாவும் தொடவில்லை. போட்டதைத் தின்றாள். முட்டையை ஒரு முறை பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை.

சிவனேஸ்வரி முட்டையைப் பிட்டு ராக்கம்மாவின் கோப்பைப் பக்கம் கையை நீட்டினாள். கருப்பாயியின் கை சட்டென்று குறுக்கே வந்தது.

"அது உங்களுக்கு வச்சது, டீச்சரம்மா."

"எனக்கு இது கூடிப்போச்சு, அம்மா. இவவுக்கு..."

"வேணாங்க."

கஞ்சத்தனம் என்றுதான் அதுவரை அவள் நினைத்திருந்தாள். மாமியார்க் கொடுமை என்றும் நினைத்திருந்தாள். ஆனால் அந்தக் கை தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். கருப்பாயியின் கண்ணில் கோபம் இல்லை. கிணற்றோரம் தவழ்ந்து போகும் குழந்தையைக் கண்டவள் பார்க்கிற பார்வை அது.

முத்துவீரன் அரைச் சாப்பாட்டில் எழுந்து கைகழுவப் போனான். சிவனேஸ்வரி வாசலில் அவனிடம், "தம்பி, நீங்களாவது ஒரு சொல்லுச் சொல்லலாமே," என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்கம்மாகிட்ட அந்தப் பேச்சு எடுக்க முடியாதுங்க. நாங்க முந்தி இருந்த அரநாயக்கப் பக்கத்துத் தோட்டத்த வுட்டு வந்ததே..." என்றவன் வாயை மூடிக்கொண்டு செம்பை எடுத்து உள்ளே போய்விட்டான்.

மாதம் முடிவதற்குள் ராக்கம்மா விழுந்தாள். மலைச் சரிவில், பாதி மரங்களில் பால் வெட்டி முடித்திருந்த நேரம். வாளி உருண்டு, பால் கல்லிடுக்கெல்லாம் ஓடி உறைந்தது. தூக்கிக்கொண்டு வந்து பிள்ளைக்காம்பராவில் கிடத்தினார்கள். மருத்துவிச்சி வந்து வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். பிள்ளை இருக்கிறது என்றாள். தாயை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு மறுநாள் கூட்டிப்போக லொறிக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று கூட்ட நாள் அல்ல. ஆனாலும் பெண்கள் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. வேலை விட்டதும் ஒவ்வொருத்தியாக வந்து பாயில் உட்கார்ந்தார்கள். அங்கம்மா வரும்போதே வல்லாரையும் தேங்காய்ப்பாலும் விட்டு அரிசிக் கஞ்சி காய்ச்சி, மூடி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"கொலகெந்தடி. ஆட்டுச் சாப்பாடு. எந்திரிச்சுக் குடி."

யாரும் சிரிக்கவில்லை. ராக்கம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கோப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஆனாலும் குடிக்கவில்லை. வாசற்பக்கம் பார்த்தாள்.

"அத்தே, குடிக்கட்டா?"

கருப்பாயி வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏ கெழவி, குடின்னு சொல்லேன்!" என்று அங்கம்மா கத்தினாள். "கொன்னுதான் போடப் போறியா?"

சிவனேஸ்வரி அங்கம்மாவின் தோளில் கையை வைத்தாள். சொல்ல வேண்டியவையெல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. இரத்தம், சத்து, ஆபத்து. அவற்றை விழுங்கினாள். எழுந்து போய் வாசலில், கருப்பாயிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள். வட்டம் தானாகவே திரும்பி அந்தப் பக்கம் பார்த்தது.

"பிள்ளைப்பேறு எண்டால் ஆருக்கு என்ன பயம்?" என்று கேட்டாள்.  "நான் பெறேல்லை. எனக்குத் தெரியாது. சொல்லுங்கோ."

ஒருத்தி கையை நீட்டி ஒரு தொட்டிலை ஆட்டிவிட்டாள்.

"எனக்கு இருட்டு," என்றாள் ஒருத்தி. "ராத்திரி வலி வந்துட்டா, மருத்துவிச்சி வீட்டுக்கு அந்தப் பள்ளத்தத் தாண்டணுமே."

"எனக்கு மூணாவதுல நஞ்சுக்கொடி விழல," என்றாள் அங்கம்மா. அவளுடைய வாய் அவ்வளவு மெதுவாகப் பேசும் என்று யாருக்கும் தெரியாது. "விடியிற வரைக்கும் விழல. எம் புருசன் கைய புடிச்சிக்கிட்டு, புள்ளைங்கள பாத்துக்கன்னு சொல்லிட்டேன். அதுக்கப்பறம் ரெண்டு பெத்தேன். ஒவ்வொரு தடவையும் அதையே சொல்லுவேன்."

இன்னொருத்தி செத்துப் பிறந்ததைச் சொன்னாள். ஒருத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சிவனேஸ்வரி எதையும் திருத்தவில்லை, விளக்கவில்லை. மழை தொடங்கித் தகரத்தில் விழுந்தது.

"டீச்சரம்மா." கருப்பாயி பேசினாள். சிவனேஸ்வரி வந்த நாலரை மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அது. "புள்ள பெருசா இருந்து... வெளிய வர முடியலன்னா, அந்த ஆஸ்பத்திரியில வழி இருக்கா?"

"இருக்கு, அம்மா. ஒப்பரேசன் செய்து எடுப்பினம். தாயும் பிழைப்பா, பிள்ளையும் பிழைக்கும். நாளைக்கு லொறியில நானும் கூடப் போறன். பிள்ளை பிறக்கிற வரைக்கும் அங்கேயே வைச்சிருக்கச் சொல்லிக் கேப்பன்."

"அப்ப எல்லாம் லொறி வரல," என்றாள் கருப்பாயி.

எப்போது என்று அங்கம்மா கேட்க வாயெடுத்தாள். சிவனேஸ்வரி தலையை அசைத்து நிறுத்தினாள்.  பிறகு, மிக மெதுவாக, ஒரே ஒரு கேள்வியைக் கேட்டாள்:

"ஆருக்கு வரேல்லை, அம்மா?"

கருப்பாயி எழுந்தாள். முதல் தடவையாக வாசலைத் தாண்டிப் பாயை மிதித்து, வட்டத்தின் நடுவே வந்தாள். ராக்கம்மாவின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, அவள் மடியிலிருந்த கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தாள். பிடுங்கிக்கொண்டு போகப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் அதை மருமகளின் வாய்க்கருகே கொண்டுபோய்ச் சாய்த்தாள். ராக்கம்மா ஒரு மிடறு குடித்தாள். இன்னொரு மிடறு குடித்தாள். கஞ்சி தாடையில் வழிந்தது. கருப்பாயி அதைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, மறுபடியும் சாய்த்தாள்.

"எனக்கு ஒரு மக இருந்தா," என்றாள். "மீனாட்சின்னு பேரு. மொதப் பேறுக்கு எங்கிட்ட வந்தா. ஒரே பொம்பளப்புள்ளன்னு கோழி அடிச்சுப் போட்டேன், முட்டை குடுத்தேன், போதும் போதும்னு சொன்னாலும் ஊட்டிவிட்டேன். புள்ள பெருசாயி, ரெண்டு நாளு துடிச்சு, என் மடியிலேயே செத்துட்டா."