அணைச்சாச்சு, பார்த்தாச்சு

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் யார் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறினாலும், முதலில் போய்த் தட்டுவது இரண்டாம் மாடி ஐடியா சாரின் கதவைத்தான். பெயின்ட் ஏன் உரிகிறது, ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கவேண்டும், சின்ன அறைக்கு எந்த நிறம் அடித்தால் பெரிதாகத் தெரியும், ஃபேனை மெதுவாகச் சுழலவிட்டால் கரண்ட் மிச்சமாகுமா ஆகாதா, எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் உண்டு. கேட்காவிட்டாலும் உண்டு. காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவருக்கு இத்தனை வித்தை எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய்ந்ததில்லை. தானமாகக் கிடைத்த மாட்டை யார் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்?

யோசனை சொல்வதில் இருந்த வேகம் அவருக்கு வேலையை முடிப்பதில் இருந்ததில்லை. அது தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பதால் அவரைக் குடியிருப்பே டீச்சர் என்றுதான் கூப்பிடும். சில வருஷங்களுக்கு முன் குளியலறையைப் புதுப்பித்தபோது, ஹீட்டர் வெளியே தெரிந்தால் அழகு கெடும் என்று ஐடியா சார் அதை ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒளித்துவைத்தார். அதன் சுவிட்சையும் கழற்றி, வெளியே நடைச் சுவரில் தன் கையாலேயே மாட்டினார். நாலு ஸ்க்ரூவுக்கு எலக்ட்ரீஷியன் எதற்கு என்று கேட்டார். மாட்டிய அன்றே டீச்சர் அதில் ஒரு குறை கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை சரிசெய்துவிடுகிறேன் என்றார் அவர். அப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. இரண்டு பேருக்கும் கை பழகிவிட்டது, குறை மறந்துவிட்டது.

ஐடியா சாரின் அக்கா அந்த வீட்டுக்கு வந்தது, அவர் வாடகைக்கு இருந்த வீட்டைச் சொந்தக்காரர் இடித்துக் கட்டப்போகிறார் என்பதால். அக்கா கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றின் இஸ்திரிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளராகி, அங்கேயே ஓய்வும் பெற்றவர். தம்பியின் மகன் வெளியூரில் படிப்பதால் அவன் அறை சும்மாதான் கிடந்தது. வேறு வீடு கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லிக்கொண்டுதான் அக்கா பெட்டியை உள்ளே வைத்தார். வேறு வீடு எதற்கு, இதுவே உங்கள் வீடுதான் அண்ணி, என்றார் டீச்சர். அப்போது அதை மனதாரத்தான் சொன்னார்.

அக்காவுக்கு ஒரு பழக்கம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் வீட்டை ஒரு சுற்று சுற்றி வருவார். அடுப்பின் குமிழைத் திருகிப் பார்ப்பார், வாசற்கதவை இழுத்துப் பார்ப்பார், சுவிட்சுகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போவார். இஸ்திரி ஹாலில் ஒரே ஒரு பெட்டியை அணைக்காமல் விட்டால் போதும், விடிவதற்குள் கட்டடமே சாம்பலாகிவிடும். அதனால் அங்கே ஒருவர் சுவிட்சை அணைத்து ‘அணைச்சாச்சு’ என்பார். கூடவே வருகிற இன்னொருவர் அதைப் பார்த்து ‘பார்த்தாச்சு’ என்பார். இரண்டும் காதில் விழுந்த பிறகுதான் கதவைப் பூட்டுவார்கள். தான் பொறுப்பில் இருந்த காலத்தில் ஒரு துணிகூடக் கருகியதில்லை என்று சொல்லும்போது மட்டும் அக்காவின் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப்பார்க்கும். மற்றபடி அவர் இருக்கிற இடம் தெரியாது.

அவர் வந்த பிறகு வந்த முதல் கரண்ட் பில்லைப் பார்த்து ஐடியா சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊருக்கெல்லாம் மின்சாரச் சிக்கனம் சொல்கிறவர் வீட்டில் இப்படி ஒரு பில். ஒருவேளை ஃப்ரிட்ஜாக இருக்குமோ என்று அதை நகர்த்தினார். பல்புகளை மாற்றினார். அடுத்த பில் அதைவிடக் கூட வந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் டீச்சர். வீட்டில் முதலில் எழுகிறவர் அவர்தான். எழுந்து போய் ஹீட்டரைப் போடுவார், எல்லாரும் குளித்த பிறகு அணைத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்புவார். இத்தனை நாள் தூக்கக் கலக்கத்தில் கவனிக்காமல் அழுத்தியவர், இப்போது விடிகாலையில் நின்று பார்த்தால் சுவிட்ச் போட்டபடியே இருந்தது, ஹீட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, தினமும். அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு. ராத்திரி வெந்நீர் பிடித்து ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறார், அப்படியே அணைக்க மறந்துவிடுகிறார். கணக்கு டீச்சர் அல்லவா, விடை மீதியில்லாமல் வந்தது.

அக்காவை அழைத்துக்கொண்டு போய்ச் சுவிட்சைக் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பெரியவரைக் குற்றவாளி மாதிரி நிறுத்திக் காட்டுவது மரியாதை இல்லை என்று இருவரும் நினைத்தார்கள். மரியாதையாக, சாப்பாட்டு மேசையில், ஹீட்டர் எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்று பொதுவாக ஒரு பிரசங்கம் வைத்தார் ஐடியா சார். அக்கா தட்டிலிருந்து தலையைத் தூக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், அதை விழுங்கிவிட்டுச் சிரித்தார்.

“நான் அந்த சுவிட்சைத் தொடறதே அணைக்கத்தான்டா தம்பி.”

மறுநாள் காலையிலும் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க ஓடியது. பொய் சொல்கிற சுபாவம் அக்காவுக்குக் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். அப்படியென்றால் மறதி. அந்த வார்த்தையை முதலில் சொன்னது ஐடியா சார், அதைப் பிடித்துக்கொண்டது டீச்சர். நேற்று என்ன சமைத்தோம் அண்ணி, போன வாரம் யார் வந்துவிட்டுப் போனார்கள் அண்ணி என்று பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்பார். வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளையைக் கேட்கிற அதே குரல். அக்காவுக்கு அது புரியாமலில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடி, ஒவ்வொன்றுக்கும் சரியான பதிலைச் சொன்னார். சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல் டீச்சரின் முகத்தைப் பார்த்தார்.

கொஞ்ச நாளில் அக்காவுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அடுப்பை ஒரு தடவை பார்த்தவர் மூன்று தடவை பார்த்தார். குளிரக் குளிரப் பச்சைத் தண்ணீரில் குளித்தார். கடைக்குக் கிளம்பியவர் பாதிப் படியில் திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்த்தார். ஒரு நாள் அப்படித் திரும்பி வந்தபோது, கீழ்வீட்டுக்காரரிடம் தம்பி பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. வயதானவர்கள் வீட்டில் இருந்தால் பில் ஏறத்தான் செய்யும் சார், அவர்களுக்குப் போட்டதும் தெரியாது, அணைத்ததும் தெரியாது. அக்கா கடைக்குப் போகவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துவைத்திருப்பதாகச் சொன்னார். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஒரு நாள் அடுப்பையும் இப்படி விட்டுவிட்டால் என்ன ஆகும், என்றார். ஐடியா சார் அதெல்லாம் வேண்டாம் என்று சொன்னார், ஆனால் இரண்டாவது தடவை சொல்லவில்லை. டீச்சர் வாயே திறக்கவில்லை. உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கியதை உணர்ந்து, அப்படி உணர்ந்ததற்காகத் தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

அன்று சாப்பிட்டு முடித்ததும் அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“ஒரு நிமிஷம் கூட வர்றியாம்மா? நான் அணைக்கிறதைப் பக்கத்துல நின்னு பாரு. நான் அணைச்சாச்சுன்னு சொன்னா நீ பார்த்தாச்சுன்னு சொல்லு. எனக்கு என்மேலேயே நம்பிக்கை போயிடுச்சு. நீ சொன்னா நிம்மதியாப் படுப்பேன்.”

டீச்சர் ஈரக் கையோடு பின்னால் போனார். அடுப்பு. கூடம். மகனின் அறை. ஒவ்வொரு இடத்திலும் அக்கா பள்ளிப் பிள்ளைபோல் உரக்கச் சொன்னார், டீச்சர் பதில் சொன்னார். கடைசியில் நடைக்கு வந்தார்கள். அக்கா ஹீட்டர் சுவிட்சின் மேல்பக்கத்தில் விரலை வைத்து, அழுத்தி, அழுத்தமாகவே சொன்னார்.

“அணைச்சாச்சு.”

அந்த வீட்டில் எல்லாச் சுவிட்சும் மேலே அழுத்தினால் அணையும், கீழே அழுத்தினால் எரியும். ஐடியா சார் தன் கையால் மாட்டிய அந்த ஒன்று மட்டும் தலைகீழ். டீச்சர் அன்றைக்குச் சொன்ன குறை அதுதான். கணவன் மனைவி இருவரின் விரல்களும் எப்போதோ அதற்குப் பழகிவிட்டன. புதிதாக வந்தவருக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்பது இருவருக்கும் தோன்றவே இல்லை. பகலெல்லாம் அணைந்து கிடந்த ஹீட்டரை, அணைப்பதாக நினைத்து, ராத்திரிக்கு ராத்திரி பொறுப்பாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் அக்கா. ஹீட்டரோ சீலிங்குக்குள். ஓடுகிறதா இல்லையா என்று கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் தெரியாது.

டீச்சருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. அக்கா காத்துக்கொண்டு நின்றார். இதோ, இப்போது சொல்லவேண்டும் என்று டீச்சருக்குத் தெரிந்தது.

“பார்த்தாச்சு அண்ணி” என்றார்.

அக்கா அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார்.

விஷயத்தைக் கேட்டதும் ஐடியா சார் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, வழக்கம்போல், அவரிடம் ஒரு யோசனை இருந்தது. அக்கா மறுநாள் அந்த இல்லத்தில் பேசிவிட்டு வரப் போகிற நேரத்தில் சுவிட்சைத் திருப்பி மாட்டிவிடலாம். ஹீட்டர் தானாக அடங்கிவிடும், அக்காவும் தேறிவிட்டதாக நினைத்துக்கொள்வார். பழசைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? டீச்சர் மறுக்கவில்லை. மறுக்கத் தனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்தார். இத்தனை வருஷம் நாலு ஸ்க்ரூவுக்கு ஒழியாத நேரம், மறுநாள் அக்கா படியிறங்கிய கையோடு அவருக்கு ஒழிந்தது.

அதன்பிறகு ஹீட்டர் ராத்திரியில் ஓடவில்லை. வாரக் கடைசியில் சாப்பிட உட்கார்ந்தபோது ஐடியா சார் அதை ஒரு நல்ல செய்தியாகச் சொன்னார். நீ போகணும்னு அவசியமே இல்லைக்கா, மனசு நிம்மதியானா ஞாபகம் தானா திரும்பிடும், என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவருக்குக் கை நடுங்கவாவது வேண்டாமா? நடுங்கவில்லை. அக்காவின் முகம் மலர்ந்தது. ஞாபகசக்திக்கு என்று தான் ஏதோ மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வருவதாகவும், அது வேலை செய்கிறது போலிருக்கிறது என்றும் சொன்னார்.

அந்த மாத்திரையைத்தான் டீச்சரால் தாங்கமுடியவில்லை.

“உங்களுக்கு மறதியே கிடையாது அண்ணி. அந்த சுவிட்ச் தலைகீழா இருந்துச்சு. இவர்தான் அப்படி மாட்டினார். எனக்கும் தெரியும். நீங்க தினமும் அணைக்கிறதா நினைச்சு அழுத்தினதுலதான் அது ஓடிச்சு. இந்த வாரம் அதைத் திருப்பி மாட்டிட்டு உங்ககிட்ட சொல்லாம இருந்தோம்.”

அக்கா எழுந்து நடைக்குப் போனார். சுவிட்சை மேலே அழுத்தினார், கீழே அழுத்தினார், மறுபடி மேலே அழுத்தினார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அப்போ முதல் நாள்லேர்ந்தே நான் மறக்காம அழுத்திட்டுத்தான் படுத்தேனா?”

“ஆமா அண்ணி.”

“தினமும் ராத்திரி போய்ப் பார்த்தா அது போட்டிருக்கிற மாதிரியே இருக்கும். காலையில போட்டுட்டு நீதான் மறந்துபோய் ஸ்கூலுக்கு ஓடிடறேன்னு நினைச்சேன். அன்னிக்கு இவன் ஹீட்டரைப் பத்திப் பேசினப்போகூட வாய் வரைக்கும் வந்தது. சொன்னா உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு விட்டுட்டேன்மா.”

ஐடியா சார் தட்டைப் பார்த்தபடி மன்னிப்பு மாதிரி எதையோ முணுமுணுத்தார். டீச்சருக்கோ, இத்தனை நாளும் தான் அக்காவைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்ததும், அவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்று பதில் சொன்னதும்தான் கண்முன் வந்தன. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

அக்கா திட்டவில்லை, அழவில்லை. மருந்துப் பெட்டியிலிருந்து அந்த மாத்திரைகளை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். ஆனால் மாத முதல் தேதி பெட்டியைக் கட்டிவிட்டார். இருவரும் வாசலில் வழிமறித்துக் கெஞ்சினார்கள். இந்தத் தடவை ஐடியா சார் பத்துத் தடவை சொன்னார்.

“கோபமெல்லாம் ஒண்ணுமில்லைடா. நேத்து அந்த இல்லத்துல போய் எல்லா சுவிட்சையும் போட்டு அணைச்சுப் பார்த்துட்டுத்தான் வந்தேன். அங்கே எல்லாம் நேரா இருக்கு.”

அக்கா போன பிறகும் கீழ்வீட்டுக்காரர் ஒரு நாள் வந்தார், சுவர் ஓரமாக வெடிப்பு விடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். விவரம் தெரிந்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார் ஐடியா சார். வந்தவர், சாருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு போனார்.

பிறகு ஒரு விடிகாலையில் டீச்சர் எழுந்து நடைக்கு வந்தபோது ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ பழைய பழக்கத்தில் கீழே அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, வீட்டில் இருப்பதே இரண்டு பேர். நீங்களா என்று கேட்க அவருக்கு வாயில்லை. தானாகவும் இருக்கலாம். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால் ஐடியா சார் நின்றுகொண்டிருந்தார். டீச்சர் அவரைப் பார்த்துக்கொண்டே சுவிட்சை மேலே அழுத்தினார்.

“அணைச்சாச்சு” என்றார்.

ஐடியா சார் பார்த்தார். பதிலுக்குச் சொல்லவேண்டிய வார்த்தை அவருக்குத் தெரியும். அதைச் சொல்ல அவரால் முடியவில்லை.