ஒரு சாண் உயரத்தில் மீரா சாகிபின் வீடு

1954ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணியளவில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலைச் சேர்ந்த திருமலைராயன்பட்டினத்துக்கு மேற்கே தோட்டத்தில் இருந்த மீரா சாகிபின் ஓட்டு வீடு தரையை விட்டு ஒரு சாண் நான்கு விரற்கடை உயர்ந்து நின்றது. அளந்தவர் தச்சர் இளையபெருமாள். நான்கு மூலைகளிலும் முழக்கோலை நிறுத்திப் பார்த்தபின், தென்மேற்கு மூலை மட்டும் அரை விரற்கடை தாழ்ந்திருப்பதாகவும், அது வீடு கட்டிய நாளிலிருந்தே உள்ள குறை என்றும் அவர் சொன்னார். சுவர், தரை, அடுப்பு, வாசற்படி ஆகிய அனைத்தும் ஒன்றாகவே உயர்ந்திருந்தன. ஓர் ஓடுகூட நழுவவில்லை. அடியில் உலர்ந்த மண்ணும், பல் உடைந்த சீப்பு ஒன்றும், இரண்டு பித்தளைப் பொத்தான்களும் கிடந்தன. வெயில் ஏறியதும் வாத்துகள் கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு அந்த நிழலுக்குள் புகுந்து படுத்தன.

அவை சீமை வாத்துகள். தாய்நாட்டுக்குத் திரும்பிய பிரெஞ்சு நீதிபதி ஒருவரின் மனைவி, 1949இல் அவற்றில் மூன்று சோடிகளை மீரா சாகிபின் மனைவி ஆஸியா பீவியிடம் விட்டுச் சென்றார். ஐந்து ஆண்டுகளில் அவை அறுபத்திரண்டாகப் பெருகின. நான்கு மா அளவுள்ள அந்தத் தோட்டத்தில் நெல்லும் உளுந்தும் முருங்கையும் தேங்காயும் விளைந்தன. இரண்டு பசுக்கள் கறந்தன. கடையில் வாங்கியவை உப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி ஆகிய மூன்று மட்டுமே. எதையும் வீணாக்குவது ஆஸியா பீவியின் வழக்கமன்று. வாத்துகளின் எச்சம் தென்னைக்கும், முட்டை சமையலுக்கும், நீண்ட சிறகு விசிறிக்கும் பயன்பட்டன. மார்பிறகுகளுக்கு அடியில் உள்ள மெல்லிய தூவி தலையணைக்கு உரியது. வாத்து தானாகவே இறகு உதிர்க்கும் நாள்களில் மட்டுமே அதை எடுக்க வேண்டும். இறகின் அடி ஈரமாக இருந்தால் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு வாத்துக்கு ஒரு முறைக்கு மூன்று பலத்துக்கு மேல் தேறாது. ஆஸியா பீவி அதைச் சீயக்காய் நீரில் அலசி, மெல்லிய துணியில் பரப்பி உலர்த்தி, மூட்டையாகக் கட்டுவார். அவருடைய தம்பி காதர் பாட்சா அம்மூட்டைகளை லாரியில் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்த் துரைமார் வீடுகளில் விற்றுவந்தார்.

1952இல் இந்த விற்பனை நின்றது. வழியிலிருந்த இந்திய எல்லைச் சாவடியின் எழுத்தர் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்து, இது பஞ்சா, கம்பளியா, கோழியா, எந்தத் தலைப்பின்கீழ்த் தீர்வை விதிப்பது என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வரவில்லை. மூட்டைகள் வீடு திரும்பின. வாத்துகள் வழக்கம்போல் இறகு உதிர்த்தன. தூவியை எறிய மனமில்லாத ஆஸியா பீவி, அதை வைப்பதற்காகப் பரணை ஒழித்தார். தவறு அங்கேதான் நிகழ்ந்தது. அப்பகுதி முஸ்லிம் குடும்பங்களில், பெண்ணுக்குச் சீராக வரும் பித்தளை அண்டாக்களையும் தவலைகளையும் பரணில் ஏற்றி வைப்பது வழக்கம். ஊரார் அதைப் பெருமைக்குரிய காட்சியாகக் கருதினரே தவிர, வீட்டை மண்ணில் இருத்தும் பாரமாக ஒருவரும் கருதவில்லை. ஆஸியா பீவி இருபத்து மூன்று பாத்திரங்களையும் மாட்டுக் கொட்டிலுக்கு மாற்றிவிட்டு, நெல் அவிக்கும் அடுப்புக்கு நேர்மேலே இருந்த பரணில் தூவி மூட்டைகளை அடுக்கினார். அடுப்பின் சூட்டில் தூவி மேலும் உலர்ந்தது. கட்டி தட்டாமல் இருக்க, வாரந்தோறும் அவற்றை வேப்பங்குச்சியால் தட்டி உப்பவைத்தார். முப்பத்தோராவது மூட்டை ஏறிய மறுநாள் வீடு எழும்பியது.

மீரா சாகிப் அப்போது உள்ளேதான் படுத்திருந்தார். கப்பலில் வேலை பார்த்த அவர், 1951இல் சைகோன் துறைமுகத்தில் சரக்கறைக்குள் விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டவர். மூன்று ஆண்டுகளாக அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போதெல்லாம் அவர் கதறுவது சாலைவரை கேட்டது. வீடு எழும்பிய அன்று அவர் பகல் முழுவதும் உறங்கினார். ஒன்பதாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். செப்டம்பரில் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தென்மேற்குக் காற்றில் வீடு இரண்டு முழம் நகர்ந்தபோது, எந்தத் தென்னையில் எந்த முடிச்சைப் போட வேண்டும் என்று அங்கிருந்தபடியே சொன்னவரும் அவரே. நான்கு மரங்களில் கப்பல் வடம் கொண்டு வீடு பிணைக்கப்பட்டது.

"ஊர்ல எல்லாரும் வீட்டைக் கட்டுறாங்க, லாத்தா," என்றார் காதர் பாட்சா அக்காளிடம். "நீங்க ஒருத்தர்தான் வீட்டைக் கட்டிப் போட்டிருக்கீங்க."

"வாயைக் குறைச்சுட்டு அந்த வடத்தை இழுத்துப் புடி," என்றார் ஆஸியா பீவி.

அக்டோபரில், ஆட்சி இந்தியாவுக்குக் கைமாறச் சில நாள்களே இருந்தபோது, பிரெஞ்சு நகராட்சியான கொம்யூன் வீடுகளின் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தது. பட்டியல் எழுதும் தங்கப்பன் மிதிவண்டியில் வந்து இறங்கி, வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"அம்மா, தரையில நிக்கிற வீட்டுக்குத்தான் என் தாள்ல கட்டம் இருக்கு. இதை நான் எதுல எழுதுறது, சொல்லுங்க."

"மேல ஏறி வந்து உக்காந்து யோசிங்க. மோர் தர்றேன்."

"ஏறப் பயமா இருக்குங்க."

"நெல்லு அவிக்கிற அண்டாவே உள்ள இருக்கு. உங்களையா தாங்காது?"

தங்கப்பன் ஏறினார், மோரையும் குடித்தார். ஆயினும், பட்டியலில் இடம்பெறாத வீட்டுக்குப் புதிய அரசில் உரிமை கோர முடியாது என்றும், வடகிழக்குப் பருவக்காற்று தொடங்குமுன் வீட்டை இறக்கிவிடுவதே முறை என்றும் தெரிவித்தார். அவர் சொன்னதில் தவறு ஏதும் இல்லை. ஆஸியா பீவி மறுக்காமல் கொட்டிலைத் திறந்துவிட்டார். காதர் பாட்சாவும் இளையபெருமாளும் பித்தளைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய் வைத்தனர். பத்தாவது பாத்திரத்துக்கு வீடு ஒரு சாணுக்குத் தாழ்ந்தது. வாத்துகள் அடியிலிருந்து வெளியேறின. பதினெட்டாவது பாத்திரத்துக்கு நான்கு விரற்கடையே எஞ்சியது. நின்றுகொண்டிருந்த மீரா சாகிப் சன்னலடியில் சரிந்து, மூன்று ஆண்டுகள் கதறிய அதே குரலில் கதறினார்.

"இறக்காதீங்க தம்பி," என்றார் தங்கப்பனைப் பார்த்து. "கப்பலை யாராச்சும் தரையில நிக்கச் சொல்லுவாங்களா? கட்டியிருக்கான்னு மட்டும் பாருங்க."

ஆஸியா பீவி அருகில் இருந்த தவலையைத் தூக்கி வெளியே வைத்தார். அடுத்ததைத் தங்கப்பன் தூக்கினார். பெரிய அண்டாவைத் தூக்க அவருக்குப் பழக்கமில்லை. வேட்டியில் கரி பட்டது. பதினெட்டும் வெளியேறியபின் வீடு பழைய உயரத்துக்கு வந்தது. தங்கப்பன் தம் தாளின் ஓரத்தில் 'விசாரணையில் உள்ளது' என்று எழுதிவிட்டுப் போனார்.

நவம்பர் முதல் நாள் காரைக்கால் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. எல்லைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அடுத்த வாரமே சென்னையிலிருந்து வந்த தலையணை வியாபாரி ஒருவர், முப்பத்தொரு மூட்டைகளையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். காதர் பாட்சா லாரியை அமர்த்திவிட்டே அக்காளிடம் வந்தார்.

"இப்ப தடுக்க யாரு இருக்கா, லாத்தா? இதுக்குத்தானே ரெண்டு வருஷமாக் காத்துக்கிட்டு இருந்தோம்?"

"மூட்டை லாரியில போயிடும். உன் மச்சானோட வலி எங்க போவும்? திரும்ப இங்கதான் வரும்."

"மச்சானை நான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"கூட்டிட்டுப் போ. படியில இறக்கிப் பாரு முதல்ல."

காதர் பாட்சா மைத்துனரைத் தோளில் சாய்த்து வாசற்படிவரை அழைத்துவந்தார். மீரா சாகிபின் வலது கால் மண்ணைத் தொட்டதும் அவர் முகம் வெளுத்தது. காதர் பாட்சா அவரை அப்படியே திரும்பத் தூக்கி உள்ளே விட்டுவிட்டு, லாரியை வெறுமனே திருப்பி அனுப்பினார்.

1955ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், திங்கட்கிழமை, புதிய அதிகாரி தங்கப்பனுடன் வந்து வீட்டைப் பார்வையிட்டார். உள்ளே ஏறி, கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து, பின்வருமாறு முடிவு செய்தார். வீடு இப்போதுள்ள உயரத்திலேயே இருக்கலாம். பரணிலுள்ள முப்பத்தொரு மூட்டைகளையும் விற்கவோ அகற்றவோ கூடாது. இனி எடுக்கும் தூவியைப் பரணில் சேர்க்காமல் உடனுக்குடன் விற்றுவிட வேண்டும். வடங்களை ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒரு முறை இளையபெருமாள் உயரத்தை அளந்து தெரிவிக்க வேண்டும். நிலத்துக்கு வரி உண்டு. வீட்டுக்கு அடியிலுள்ள இடம் வாத்துக் கொட்டில் என்று பதிவு செய்யப்படும். வீடு, கொட்டிலின் மேல்தளம் என்று பதிவு செய்யப்படும். இவற்றைத் தங்கப்பன் இரண்டு படிகளாக எழுதினார். ஆஸியா பீவி அதை ஒரு முறைக்கு இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டபின் ஒப்புக்கொண்டார். வீட்டுக்காரர் என்ற இடத்தில் மீரா சாகிப், எதையும் பிடித்துக்கொள்ளாமல், நின்றபடியே கையெழுத்திட்டார்.