பாதலின் வலது முன்கால்

எங்கள் ஆபீசர் பட்டாளத்திலிருந்து வந்தவர். மனுவைப் படிக்கச் சோம்பல்படுவார், ஆளைப் படாத பாடு படுத்த மட்டும் சோம்பல்படவே மாட்டார். மெட்ராஸிலிருந்து நாலு புதுக் குதிரைகளை அழைத்துவர ஒரு ஆள் போக வேண்டும் என்று உத்தரவு வந்ததும் நாங்கள் மனு எழுதிக் குவித்தோம். அத்தனையையும் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, "ரேஸ். ஜெயிக்கிறவன் போகட்டும்" என்றார்.

ஷாதிபூர்ப் பக்கத்து மைதானத்திலிருந்து லம்பா லைன் வழியாகச் சௌல்தாரிக்குப் போய்த் திரும்ப வேண்டும். மறுபடியும் ஒரு தடவை போய்த் திரும்ப வேண்டும். கிட்டத்தட்ட ஐம்பது மைல். அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஆறு மணிக்குள் வந்து சேர வேண்டும். முதலில் வருவது மட்டும் போதாது. குதிரைக்கு ஒரு குறையும் இல்லை என்று வெட்னரி டாக்டர் சொல்ல வேண்டும், நொண்டினால் அவுட். வழியில் ஒருவர் குதிரைக்கு இன்னொருவர் கை கொடுத்தால், உதவி வாங்கினவனும் அவுட். இதெல்லாம் ஆகஸ்ட் மாத மழையில்.

நான் குழந்தைவேலு, செட்டில்மெண்ட் ஆபீசில் நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன். ரோடு இல்லாத இடங்களுக்குச் சர்வேக்குப் போக எங்கள் ஆபீசில் நாலு குதிரை வைத்திருந்தார்கள். அவற்றுக்குத் தீனி போடுவதிலிருந்து லாடம் பார்ப்பதுவரை என் தலையில்தான் விடிந்தது. தாராபுரத்தில் என் அப்பா ஜட்கா ஓட்டியவர் என்று வாயை அடக்காமல் சொன்னது என் தப்பு.

நான் இந்தத் தீவுக்குக் கப்பலேறியபோது என் மனைவி இந்திராணிக்கு ஐந்து மாசம். பிறந்த பெண்ணுக்கு இப்போது ஐந்து வயசு நெருங்குகிறது. இதற்குள் எனக்கு மூன்று தடவை லீவு கிடைத்தது. மூன்று தடவையும் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. என்னைவிடப் பெரிய ஆபீசர்களுக்கும் அவர்கள் பெட்டிகளுக்குமே இடம் சரியாகப் போயிற்று. கடைசியாக வந்த கடிதத்தில் இந்திராணி எழுதியிருந்தாள்: 'மரகதம் உங்கள் போட்டோவைப் பார்த்து மாமா என்கிறாள். திருத்தித் திருத்தி எனக்குச் சலித்துவிட்டது.' அதைப் படித்தபிறகு இந்தத் தீவைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வந்தது. எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் கடல் வந்து நிற்கிற ஊரில் மனிதன் எவ்வளவு நாள் இருப்பான்?

ஆறு பேர் கிளம்பினோம். பத்து மணிக்குள் மூன்று பேர் விலகிவிட்டார்கள். நாலாவது ஆள் சண்முகம், இரண்டாம் தடவை சௌல்தாரி போனபோது, "நமக்குக் கப்பலே வேண்டாம்" என்று அங்கேயே ஒரு கடையில் உட்கார்ந்துவிட்டான். மிஞ்சியது மோதி என்ற பெட்டைக் குதிரைமேல் நானும், பாதல் என்ற போலீஸ் குதிரைமேல் கான்ஸ்டபிள் அருள்நாதனும்.

அருள்நாதன் தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்துக்காரன். என்னைவிட ஏழெட்டு வயசு இளையவன். குதிரை ஏறக் கற்றுக்கொண்டதே இங்கே போலீஸில் சேர்ந்தபிறகுதான். அவனுக்கும் கப்பல் அவசரம்.

"எங்க கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சாச்சு அண்ணாச்சி. மூணாவது ஓலை வாசிக்க மாப்பிள்ளையத்தான் காணோம்" என்றான் காலையில், சிரித்துக்கொண்டே. கிறிஸ்தவக் கோயிலில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்களாம். பெண் பெயர் ரோசலின். அடுத்த மாசமும் வராவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று அவள் அப்பா எழுதிவிட்டார்.

மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்பி வருகிறோம். மழை கண்ணைத் திறக்க விடவில்லை. கால் முழுக்க அட்டை. மைதானத்துக்கு இன்னும் நாலு மைல்தான். உப்புச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களுக்கு நடுவே ஓர் ஓடை வரும், காலையில் முழங்கால் அளவுதான் இருந்தது. இப்போது பாதையையே காணோம், மண்ணின் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் போகலாம் என்றால், பின்னால் ஒரு ஃபர்லாங்கில் நாங்கள் கடந்து வந்த கட்டைப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. நடுவில் மேடான கரையில் இரண்டு குதிரைகளும் இரண்டு மனிதர்களும் மாட்டிக்கொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் மழை விட்டது.

"மழ உட்டுருச்சு. தண்ணி எறங்கிரும், போலாம்" என்றேன்.

"எறங்காது அண்ணாச்சி. இது மழத்தண்ணி மட்டுமில்ல, கடலும் ஏறி வருது. ஒரு சொட்டு நக்கிப் பாருங்க, உப்பு கரிக்கும். மூணரை வரைக்கும் ஏறும். அப்புறம் வத்தும். நாலே முக்காலுக்கு நடந்தே போயிரலாம்."

எங்கள் ஊரில் மழை நின்றால் ஆறு வடியும். மழை நின்றபிறகும் ஏறுகிற தண்ணீரை நான் பார்த்ததில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அவன் சொன்னதை நம்பாததால் மட்டும் நான் இறங்கவில்லை. காத்திருந்தால் இரண்டு குதிரையும் ஒன்றாகக் கிளம்பும். பாதல் மோதியைவிட வேகம். கடைசி நாலு மைலில் என்னைப் பின்னால் தள்ளிவிட்டுப் போய்விடும். அந்த பயத்தில்தான் மோதியை ஓடையில் இறக்கினேன்.

பாதி ஓடையில் அவள் நின்றாள். நின்றாளா, புதைந்தாள். முன்கால்கள் இரண்டும் கண்டல் சேற்றில் தொடைவரை போயின. நான் குதித்தேன், சேறு என்னையும் இடுப்புவரை இழுத்தது. அலை ஒன்று வாயில் அடித்தது. உப்பு. என் கண்ணெதிரே தண்ணீர் அவள் மார்பிலிருந்து கழுத்துக்கு ஏறியது. மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள், இன்றைக்கும் அது என் காதில் இருக்கிறது. ஐயோ, இவளைக் கொன்றுவிட்டேனே என்று நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அருள்நாதன் பாதலிலிருந்து குதித்தான். கண்டல் கிளைகளை ஒடித்து ஒடித்து எங்களுக்கும் கரைக்கும் நடுவில் போட்டான். நான் வயிற்று வாரை அவிழ்த்துச் சேணத்தைக் கழற்றினேன். வார், கயிறு, அவன் பெல்ட் எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டு மோதியின் மார்பைச் சுற்றிக் கட்டினோம். மறுமுனையைப் பாதலின் சேணத்தில் கட்டினான். நான் மோதியின் தலையைப் பக்கவாட்டில் தள்ளினேன். சேற்றில் மாட்டின குதிரையை நேராக இழுத்தால் வராது, ஒருக்களித்துத்தான் எழுப்ப வேண்டும்.

பாதல் இழுத்தது. சறுக்கி முன்னங்காலில் மடங்கி விழுந்தது. எழுந்து மறுபடி இழுத்தது. மூன்றாம் தடவையில் மோதி கரைக்கு வந்து சேர்ந்தாள்.

கிளம்பின கரையிலேயே திரும்ப உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. கூண்டில் அடைத்த எலி மாதிரி இருந்தது எனக்கு. அவன் தண்ணீரில் ஒரு குச்சியை நட்டுவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை குடுத்தா கை வாங்குனவன் அவுட்டாம்லா. இத வெளிய சொல்லிராதிய" என்றான் ஒரு தடவை.

"உனக்குத்தானே லாபம், சொல்லிரு" என்றேன் எரிச்சலாக.

"அப்படி ஜெயிச்சுக் கல்யாணம் கெட்டணுமாக்கும்?"

அவன் சொன்னபடியே நாலே முக்காலுக்குத் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. கடந்தோம். மண் பாதை முடிந்து லம்பா லைனில் தார் ரோடு தொடங்கியதும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. பாதல் முன்னால் போகிறது. நாலு குளம்புச் சத்தத்தில் ஒன்று மெலிந்திருந்தது. பார்த்தேன். வலது முன்கால் தரையில் படும்போதெல்லாம் தலை லேசாக மேலே எழும்பியது. குதிரைக்காரன் மகனுக்கு இதற்குமேல் எதுவும் வேண்டாம். அருள்நாதனுக்கு அது தெரிய நியாயமில்லை.

ஆறு மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. "இறங்குடா, ஈரத்துணியைச் சுற்று, நடத்திக் கூட்டிப்போ" என்று சொல்லியிருந்தால் பாதல் டாக்டர் கையில் தப்பியிருக்கக்கூடும். வாய்வரை வந்தது. கூடவே மரகதம் போட்டோவைப் பார்த்து மாமா என்பதும் வந்தது. நான் சொல்லவில்லை. அது மட்டுமில்லை. அவன் திரும்பிப் பார்த்து, "ஓடலாமா அண்ணாச்சி?" என்றபோது, "ஓடு" என்றேன். மோதியை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவனை முன்னால் விட்டேன்.

அவன்தான் முதலில் வந்தான். ஜனங்கள் கை தட்டினார்கள். டாக்டர் பாதலை இருபது அடி நடத்திப் பார்த்தார், குனிந்து காலை அமுக்கினார். பாதல் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"லங்டா ஹை" என்றார். நொண்டி.

அருள்நாதன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. எப்படி ஆயிற்று என்று ஆபீசர் அதட்டினார். அவன் என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னால் நானும் காலி.

"ஃபிஸல் கயா சாப்" என்றான். சறுக்கிவிட்டதாம்.

மோதி தேறினாள். ஆபீசர் என் முதுகில் தட்டி "ஷாபாஷ்" என்றார். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் அவனுக்கு ஒன்றும் கிடைக்காது, எனக்கும் கிடைக்காது என்று உடனே ஒரு கணக்கும் மனசுக்குள் வந்தது. அந்தக் கணக்கு எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது.

புதன்கிழமை கப்பல். கப்பல் துறை ஜெட்டிக்கு அருள்நாதன் வந்திருந்தான். ரோசலின் அப்பாவுக்கு ஒரு கடிதம் கொடுத்தான்.

"தபால்ல போட்டாலும் இதே கப்பல்தான். ஆனா ஒரு ஆள் நேர்ல குடுத்தா மனசு எளகும்லா. ஒரு எட்டு போயிட்டு வாங்க."

அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அருளு, லம்பா லைன்லயே எனக்குத் தெரியும். பாதல் நொண்டுச்சு. தெரிஞ்சேதான் உன்னைய ஓடச் சொன்னேன்."

"தெரியும்" என்றான். "தார் ரோட்டுல வந்ததுலேருந்து நீங்க பாதல் காலையேதான பாத்துட்டு வந்திய. ஏன்னு அப்பம் வெளங்கல. டாக்டர் கால அமுக்கும்போது வெளங்கிச்சு."

"அப்பறம் ஏன் ஆபீசர்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா நான் கப்பலேறியிருப்பேனா? ஒரு ஆளாவது இங்கேருந்து போவட்டும்னுதான்." கப்பல் ஏணியைக் காட்டினான். "போங்க அண்ணாச்சி. பிள்ளையப் பாருங்க. பாத்துட்டுக் குதிரையோட திரும்பி வாங்க. உங்கள ஒரு அடி அடிக்கணும்போல இருக்கு. இங்க சனம் நிக்கி."

திரும்பிப் பார்க்காமல் ஜெட்டியைத் தாண்டி நடந்துவிட்டான். ஏணியில் ஏறினேன், எனக்குப் பின்னால் அதைத் தூக்கிவிட்டார்கள். மெட்ராஸ் போக நாலு நாள். அந்த அடியை வாங்கிக்கொண்டு ஏறியிருக்கலாம் என்று நாலு நாளும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.