மறுபடி சாத்திய கதவு

எனக்குப் பொறாமை உண்டு. அதை மூடி மறைக்கிற ஆள் நான் இல்லை. என் மனைவி ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அங்கே ஸ்கேன் எடுக்கப் புதிதாக ஒருவன் சேர்ந்திருக்கிறான். கழுத்தில் எப்போதும் கேமரா தொங்குமாம். சாப்பிட உட்கார்ந்தால் "அவரு சொன்னாரு", துணி காயப்போட்டால் "அவரு சொன்னாரு". அந்த 'ரு' காதில் விழுந்தாலே எனக்கு வயிறு எரியும். வீட்டில் நான் அவனுக்கு வைத்த பெயர் கேமராக்காரன்.

ஆளில்லாத கட்டடங்களைத் தேடிப் போவது எங்கள் இரண்டு பேருக்குமான பைத்தியம். லீவு கிடைத்தால் மற்றவர்கள் கடற்கரைக்குப் போவார்கள். நாங்கள் ஓடாத ஆலை, மூடிய தியேட்டர், ரயில் நிற்காத ஸ்டேஷன் என்று அலைவோம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். எந்த இடமானாலும் முதல் தடவை சேர்ந்துதான் போக வேண்டும். சுரங்கம் மூடியதும் ஜனம் மொத்தமும் காலி செய்துவிட்டுப் போன இந்த ஊரைக் கண்டுபிடித்ததும் நான்தான். என் லீவு தள்ளிக்கொண்டே போய், ஒருவழியாக இப்போதுதான் வந்து சேர்ந்தோம்.

கடைத்தெருவில் ஷட்டர்கள் பாதியில் சிக்கி நின்றன. முடிவெட்டும் கடையில் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், நாற்காலி மட்டும் சுவரைப் பார்த்துக் கிடந்தது. நான் வழக்கம்போல லொடலொடவென்று பேசிக்கொண்டே வந்தேன். நான் லிப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்ற லிப்டுக்குள் மாட்டியவர்கள் பயந்துவிடாமல் இருக்க, வெளியே நின்று விடாமல் பேச்சுக் கொடுப்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். வீட்டுக்கு வந்தாலும் என் வாய் டூட்டியை முடிப்பதில்லை.

சுரங்கக் கம்பெனி கட்டிய ஆஸ்பத்திரி தெருக்கோடியில் இருந்தது. முன்வாசலைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். அவள் சட்டென்று பின்பக்கம் நடந்தாள். அங்கே ஓர் இரும்புக் கதவு. தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

"மறுபடி சாத்திக்கிச்சு," என்று முணுமுணுத்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை.

"மறுபடின்னா?"

"வாய் தவறி வந்துடுச்சுங்க."

"வாய் தவறுறது எனக்கு. உனக்கு எப்படித் தவறும்?"

இன்னொரு தள்ளு தள்ளிக் கதவைத் திறந்து உள்ளே போனாள். இருட்டில் டார்ச்சைக்கூட எடுக்கவில்லை. தண்ணீர் தேங்கிய இடத்தைப் பார்க்காமலே தாண்டினாள். மாடிக்கும் தரைக்கும் நடுவே ஒரு பழைய லிப்ட் தொங்கிக்கொண்டிருந்தது. வேறொரு நாளாயிருந்தால் அதன் கதையை நான் சொல்லி முடிக்கப் பொழுது சாய்ந்திருக்கும். இன்று அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மனசுக்குள் கேமராக்காரன் அவள் கையைப் பிடித்து அந்தத் தண்ணீரைத் தாண்டவைத்துக்கொண்டிருந்தான்.

"அவன்கூடதான வந்த?"

"எவன்கூட?"

"கேமராக்காரன்."

அவள் நின்றாள். "அவரு எதுக்குங்க இங்க வரப் போறாரு?"

"பாரு, இப்பவும் 'வரப் போறாரு'. பூசி மெழுகாத. யாருகூட வந்த?"

"யாருகூடவும் இல்ல. உங்களுக்கு வெளியூர்ல வேலை இருந்துச்சே, அப்ப தனியா வந்தேன். மெயின் ரோட்டுல பஸ்ஸ விட்டு இறங்கி நடந்து வந்தேன். அதுக்கப்புறமும் வந்தேன்."

"தனியாவா? பாம்பு கீம்பு இருந்தா என்ன பண்ணுவ?"

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அது பேசாதுல்ல."

எனக்குச் சுருக்கென்றது. அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நடைவழியின் முடிவில் ஈயத்தகடு வைத்த கனமான கதவைத் திறந்தாள். எக்ஸ்ரே அறை. மெஷின் போய்விட்டது, தரையில் அதைப் பொருத்தியிருந்த துளைகள் மட்டும் இருந்தன. சுவரோரம் ஒரு பெஞ்சு.

"இங்கதான் உக்காந்திருப்பேன்," என்றாள்.

"உக்காந்து?"

"உக்காந்திருப்பேன். அவ்ளோதான்."

கேமராக்காரனோடு வந்திருந்தால் போய் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். இந்தக் காலி அறையில் எதைப் பிடிப்பது? அவன்மேல் இருந்த பொறாமை அத்தனையும் இந்த நாலு சுவர்மேல் திரும்பியது. முன்னைவிட மோசமாக எரிந்தது. விதியை மீறி அவள் ஓடி வந்தது இன்னொருத்தனிடம் இல்லை, நான் இல்லாத இடத்துக்கு.

"நானும் உக்காரட்டுமா?"

நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் நெற்றிச் சுருக்கம் போனது. தாடை தளர்ந்தது. இத்தனை வருஷத்தில், தூங்கும்போதுகூட, இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் இப்படித்தான் இருந்திருப்பாளோ என்னவோ. இப்படியே பார்த்துக்கொண்டு பொழுதுக்கும் உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது.

தூசியில் தொண்டை கமறியது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. இருமிவிட்டேன்.

அந்த முகம் போய்விட்டது. எனக்குப் பழகிய முகம் வந்து, கண்ணைத் திறக்காமலே, "சொல்லுங்க," என்றது.