படையலில் வைத்த குப்பி

1

இந்தக் கதை எனக்குச் செங்கோட்டைப் பேருந்தில் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர், மெத்தனாலைத் தின்று வாழும் இளஞ்சிவப்பு நுண்ணுயிர் ஒன்று இலைகளின் மேல் இருப்பதாகச் சொன்னார். மெத்தனால் என்றதும் எனக்கு விஷச்சாராயம்தான் ஞாபகம் வந்தது. மீதியை நானே கட்டினேன்.

2

ஐந்தருவியில் சாரல் விழுந்துகொண்டிருந்தபோது தாணுமாலயன்

(வேண்டாம். குற்றாலக் கதையைச் சாரலில் தொடங்குவது சோம்பேறித்தனம்.)

1985. தாணுமாலயன் தென்காசிக்காரன், கல்லூரி ஆய்வாளன். குற்றாலத்து இலையிலிருந்து அந்த நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து, அதற்குள் வேறொரு மரபணுவைப் புகுத்தி, மெத்தனாலில் மளமளவென்று பெருக வைத்தான். உலர்த்தினால் கோழித்தீவனம், தானியத்தை மனிதனுக்கு மிச்சம் பிடிக்கலாம். ஆய்வகக் குளிர்பெட்டி பழுதாகி எல்லாம் செத்தபின் மிஞ்சியது ஒரே குப்பி. பஞ்சால் அதன் வாயை அடைத்து, அக்கா சங்கரம்மாள் வீட்டில் கொண்டுவந்து வைத்தான்.

3

அக்காவின் கணவர் மந்திரமூர்த்தி மெத்தனால் கலந்த சாராயம் குடித்துக் கண் போய், மறுநாள் உயிரும் போனவர். அதனால் அவளை முதலில் சண்டைக்காரியாக எழுதினேன்: "அந்தப் பாழாப்போனத வீட்டுக்குள்ள..."

அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் கேட்டது இவ்வளவுதான்.

"ஏலே தாணு, உங்க அத்தானக் கொன்னத இதுக திங்குமா?"

"தின்னு செரிச்சிரும்க்கா."

4

அத்தானின் திதி. படையல் போட்டதும் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பது வழக்கம். போனவர் வந்து சாப்பிட வேண்டும். தாணு கடைக்குப் போய்த் திரும்பியபோது கதவு சாத்தியிருந்தது. கூடத்து அலமாரியில் குப்பி இல்லை.

"அக்கா, குப்பி எங்க?"

"படையல்ல வச்சிருக்கேன்."

"பஞ்சு?"

"எடுத்துட்டேன். மூடி வச்சா அவுக எப்பிடிலே குடிப்பாக?"

திறந்த குப்பிக்குள் காற்றிலிருந்து கண்டதும் விழும். (மறுபடி பிரித்தெடுக்கலாமே என்பீர்கள். முடிந்தாலும் முடியும், கலந்தது கலந்ததாகவே போனாலும் போகும்.) அவன் கை கதவின் நாதாங்கிக்குப் போனது.

"அன்னைக்கு அவுக வயித்துக்குள்ள இதுக இருந்திருந்தா பொழச்சிருப்பாகல்லா?"

இதுகள் தின்பதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிடும், பிழைத்திருக்க மாட்டார் என்று அவனுக்குத் தெரியும்.

5

அவன் கதவைத் திறப்பதாக ஒரு முடிவு எழுதினேன். குப்பி பிழைத்தது, அக்கா அப்புறம் அவனோடு பேசவே இல்லை. திறக்காமல் நிற்பதாக இன்னொன்று. அதில் அவனுடைய உழைப்பெல்லாம் புளித்துப் போயிற்று. இரண்டுக்கும் எனக்கு மனசு கேட்கவில்லை. கிழித்துப் போட்டேன்.

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "செத்த நேரம் பொறுலே. மெதுவாக் குடிக்கட்டும். இதக் குடிச்சாவது அவுகளுக்குக் கண்ணு தெரியட்டும்."

தாணுவின் மறு கை இன்னும் நாதாங்கி மேல்தான் இருக்கிறது. திறப்பதும் திறக்காததும் இனி உங்கள் பாடு.